ஜெயித்த அணி கொடுத்த புகார்

தன் அணி ஜெயித்ததை எதிர்த்துத் தானே புகார் எழுதிக் கொடுத்த மேனேஜர் கோயமுத்தூர் மாவட்டத்தில் ஒருத்திதான் உண்டு. அவள் பெயர் அம்புஜம். மற்ற மாவட்டங்களிலும் விசாரித்துப் பார்த்தேன். இவ்வளவு திமிர் பிடித்த பெண்பிள்ளை தங்கள் பக்கம் பிறக்கவில்லை என்றுதான் எல்லா இடத்திலிருந்தும் பதில் வந்தது.

அம்புஜத்துக்கு வயது ஐம்பத்தொன்று. சிங்காநல்லூர் பேருந்து நிலையத்தில் தனியார் பஸ்களுக்கு டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று நோட்டில் குறித்து வைத்துக்கொண்டு, கிளம்பாத வண்டியின் தகரத்தில் உள்ளங்கையால் ஓங்கித் தட்டுகிற வேலை. ஒருமுறை ஈரோட்டு வண்டி இரண்டு நிமிஷம் கூடுதலாக நின்றபோது அவள் டிரைவரைப் பார்த்த பார்வையில் ரேடியேட்டர் கொதித்து ஆவி கிளம்பிவிட்டது. நான் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஆனால் அந்த வண்டி அன்றைக்கு ரேடியேட்டர் கொதித்து நின்றதை நூறு பேர் பார்த்தார்கள். காரணம் மட்டும்தான் நான் சேர்த்தது.

அவளுடைய அப்பா ரங்கராஜ் மில்லில் ஃபிட்டர். ஃபிட்டர் என்பது சம்பளப் பட்டியலுக்காக. உண்மையில் பூப்பந்து ஆடுவதற்காகவே மில்காரர்கள் வேலை கொடுத்து வைத்திருந்த ஆள் அவர். பக்கத்துக்கு ஐந்து பேராக வலைக்கு இருபுறமும் நின்று, மஞ்சள் கம்பளிப் பந்தை மட்டையால் அடிக்கிற ஆட்டம் அது. பதினாலு வயதில் அம்புஜத்தைக் கோட்டருகே நடுவராக நிற்க வைத்தார்கள், ஆள் கிடைக்காத குறைக்கு. ஒரு இறுதிப் போட்டியில் கடைசிப் பாயிண்டுக்கு ரங்கராஜ் அடித்த பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தது. இரண்டு விரற்கடைதான். அம்புஜம் கையைத் தூக்கி வெளியே என்று காட்டிவிட்டாள். அப்பாவின் அணி தோற்றது. பதினோரு நாள் ரங்கராஜ் மகளோடு தமிழிலும் பேசவில்லை, வீட்டில் பேசுகிற தெலுங்கிலும் பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் காலை காபியைக் குடித்துவிட்டு, “ரெண்டு விரல் இல்லை, மூணு விரல் வெளியே” என்று தெலுங்கில் சொல்லிவிட்டு மில்லுக்குப் போனார்.

பிறகு அம்புஜம் நடுவர் தேர்வு எழுதித் தேறினாள். கல்யாணமும் ஆயிற்று. கணவர் ஃபவுண்டரியில் வேலை பார்க்கிறார், வீட்டுக்கு வந்தால் தூங்குகிறார். அவரைப் பற்றிச் சொல்வதற்கு அதற்குமேல் ஒன்றுமில்லை. அவரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் பேருந்து நிலையத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த பெண்மணி தன் மகள் லின்சியைக் கோடைக்கால விளையாட்டு முகாமில் சேர்த்தாள். லின்சிக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஆட்டிசம் உள்ள பெண். முகாமின் வாசலில் ‘சிறப்புக் குழந்தைகளுக்கும் இடம் உண்டு’ என்று ஆள் உயரத்துக்கு பேனர் கட்டியிருந்தார்கள். கடையை விட்டு வர முடியாத தாய்க்காக ஒரு நாள் அம்புஜம் லின்சியைக் கூட்டிவரப் போனாள். இடம் உண்டு என்றார்களே, இடம் இருக்கத்தான் இருந்தது. ஒரு மூலையில், வேப்ப மர நிழலில், ஒரு பிளாஸ்டிக் வாளி, பத்து வளையம். மற்ற பிள்ளைகள் மைதானம் முழுக்க ஓடிக்கொண்டிருக்க, லின்சி வாளியில் வளையம் போட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வளையம் விழும்போதும் பயிற்சியாளர் ஒருவர் கைதட்டினார். பன்னிரண்டு வயதுப் பெண் வாளியில் வளையம் போட்டதற்குக் கைதட்டல்! அந்த மனிதர் வீட்டில் பிள்ளைகள் தண்ணீர் குடித்தால் வெடி கொளுத்துவார்கள் போலிருக்கிறது.

“ஏனுங்க, இந்தப் புள்ளைய ஓட உடமாட்டீங்களா?” என்று கேட்டாள் அம்புஜம்.

“ஆட்டிசமுங்க அக்கா. ஓடி விழுந்துட்டா?”

“மத்த புள்ளைங்க விழறதில்லீங்களா?”

“அவங்க நார்மலுங்க.”

“நார்மலான புள்ளைக்கு முட்டி சிராய்ச்சா ரத்தம் வராதுங்களா?”

பயிற்சியாளர் அதற்கும் கைதட்டத் தெரியாமல் நின்றார். அம்புஜம் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு லின்சியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு மாநகராட்சி மைதானத்தில் வலை கட்டினாள்.

அவளுடைய ஏற்பாடு எளிமையானது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளும் இல்லாத பிள்ளைகளும் ஒரே அணியில் கலந்து ஆட வேண்டும், தனி மூலை கிடையாது. முதல் மாதம் ஆட்டிசம் இல்லாத பிள்ளைகள் யாரும் வரவில்லை. பெற்றவர்கள் விடவில்லை. படித்த பெற்றவர்கள்தான். காரில் வந்து இறங்கிய ஒரு தாய் அம்புஜத்தைத் தனியே கூப்பிட்டுக் கேட்டாள்.

“தப்பா நெனைக்காதீங்க. இது ஒட்டிக்குமுங்களா?”

“ஒட்டாதுங்க. ஒட்டுனா உங்க பையனுக்கு நல்லதுங்க. சொன்ன நேரத்துக்கு வந்து நிக்கற பழக்கமாச்சும் வந்திருக்கும்.”

பக்கத்துத் தெருப் பிள்ளைகள் மெல்ல மெல்ல வந்தார்கள். தங்கமான மனம் படைத்து வந்தார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். வேறு எங்கேயும் இலவசமாக மட்டை கிடைக்கவில்லை, அதனால் வந்தார்கள். வந்தவர்கள் ஆட்டத்துக்காக நின்றுவிட்டார்கள்.

விசிலைக் கேட்டால் சில பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள் என்று தெரிந்ததும் அம்புஜம் விசிலை ஒழித்துப் பச்சைக் கொடியை எடுத்தாள். எங்கே நிற்பது என்ற குழப்பம் வராமல் தரையில் சுண்ணாம்புப் பொடியால் ஆளுக்கொரு வட்டம் போட்டாள். கம்பளிப் பந்து வியர்த்த கையில் ஒட்டுவது பிடிக்காத பையனுக்குப் பருத்திக் கையுறை வந்தது. இதில் பெரிய சாஸ்திரம் எதுவும் இல்லை. என்ன வேண்டும் என்று கேட்டால் அந்தப் பிள்ளைகளே ஏதாவது ஒரு வழியில் சொல்லிவிடுகிறார்கள். கேட்காமலே இரக்கப்படுவது சுலபம் என்பதால் ஊர் அந்த வேலையை விரும்பிச் செய்கிறது.

பாயிண்ட் விஷயத்தில் மட்டும் அம்புஜம் நூல் அளவும் விட்டுக்கொடுக்க மாட்டாள். வெளியே போன பந்து வெளியேதான். அடித்தவருக்கு என்ன நோய் என்று பந்துக்குத் தெரியாது என்பாள்.

போன வருஷம் அவளிடம் ஓர் அணி சேர்ந்திருந்தது. ஆட்டிசம் உள்ளவர்கள் மூன்று பேர். இப்போது இருபது வயதாகி, பின்வரிசையில் நிற்கிற லின்சி. பத்தொன்பது வயது வம்சி, அரும்பு மீசைக்காரன், தன்னைவிட நல்ல ஆட்டக்காரன் தென்னிந்தியாவில் இல்லை என்று தானே சொல்லிக்கொள்பவன். கையுறைக்காரன் ரித்விக்குக்குப் பதினாறு. வாயால் பேசுவது அபூர்வம், சொல்ல வேண்டியதைப் போனில் தட்டிக் காட்டுவான். மற்ற இருவர் கல்லூரியில் முதல் வருஷம் படிக்கிற அக்ஷிதாவும், பைக் மெக்கானிக் எபினேசரும்.

இந்தக் கட்டத்தில்தான் கோவிந்தராஜுலு வந்து சேர்ந்தார். மோட்டார் பம்ப் கம்பெனி முதலாளி. கல்யாண வாசலில் பன்னீர் தெளிக்கிற செம்பைப் போல எந்நேரமும் கனிவைத் தெளித்துக்கொண்டே இருப்பார். நனைகிறவர்களுக்குச் சளி பிடிக்குமே என்று ஒருநாளும் யோசித்தவர் இல்லை. அவருடைய அம்மா பெயரில் மதுக்கரையில் வருஷந்தோறும் பங்காரம்மா நினைவு சுழற்கோப்பைப் பூப்பந்துப் போட்டி நடக்கிறது. அந்த அம்மாள் உயிரோடு இருந்தபோது மகனின் பேச்சைப் பாதியிலேயே நிறுத்துகிற ஒரே ஆளாக இருந்தாள். இப்போது நிறுத்த ஆளில்லை.

மைதானத்துக்கு வந்து பிள்ளைகளைப் பார்த்துக் கண் கலங்கிய கோவிந்தராஜுலு, “உங்க தெய்வக் குழந்தைங்களுக்கு ஒரு காட்சி ஆட்டம் வெச்சுத் தாரேனுங்க அம்மணி. ஃபைனலுக்கு முந்தி பத்து நிமிசம். எல்லாத்துக்கும் மெடலுங்க” என்றார்.

தெய்வக் குழந்தை வம்சி அப்போது மூன்றாவது முட்டை பஜ்ஜியைத் தின்றுகொண்டிருந்தான்.

“காட்சி ஆட்டம் வேண்டாமுங்க. ஆம்பளை பொம்பளை கலந்து ஆடற பிரிவு இருக்குதில்லீங்க? அதுல எங்களுக்கும் ஒரு ஃபாரம் குடுங்க” என்றாள் அம்புஜம்.

“அங்க வர்றதெல்லாம் பெரிய டீமுங்களே. தோத்துப்போனா மனசு ஒடஞ்சு போயிருமுங்க.”

“யாரு மனசுங்க?”

கோவிந்தராஜுலு ஃபாரத்தை எடுத்துக் கொடுத்தார். வேறு என்ன செய்வார்?

அம்புஜத்துக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. இந்தப் பிள்ளைகளை எதிர்த்து யாராவது ஒரு அணி முழுப் பலத்தோடு ஆட வேண்டும். எழுதுகிற பாயிண்ட் நிஜப் பாயிண்டாக இருக்க வேண்டும். எட்டு வருஷமாக யாரும் அப்படி ஆடவில்லை. சிநேக ஆட்டம் என்று வந்தவர்கள் எல்லாம் புன்னகையோடு தோற்றுவிட்டு, செல்ஃபி எடுத்துக்கொண்டு போனார்கள். கோப்பைப் போட்டியில் தோற்றால் வெளியே போக வேண்டியதுதான் என்பதால் அங்கே யாரும் விளையாட்டுக்கு ஆட மாட்டார்கள், நிஜமாக ஆடுவார்கள் என்று அவள் நம்பினாள். கொங்கு நாட்டில் இத்தனை வருஷம் இருந்தும் அவளுக்கு அந்த அளவுக்குத்தான் விவரம்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை. மதுக்கரை மைதானத்தில் துவக்க விழா. அன்றைக்கு ஒருவர்மேல் ஒருவர் போர்த்திக்கொண்ட பொன்னாடைகளைச் சேர்த்துத் தைத்திருந்தால் மைதானத்துக்கே கூரை போட்டிருக்கலாம். அம்புஜம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டபடி ஜமாப் மேளத்தை ரத்து செய்திருந்தார்கள். அதற்குப் பதிலாகக் கோவிந்தராஜுலு பேசினார். மேளமே தேவலை. நாற்பது நிமிஷத்தில் இருபத்தாறு முறை மனிதநேயம் என்றார். பேசி முடித்ததும், சிங்காநல்லூர் அணிக்கு யார் எதிரணி என்று சீட்டுக் குலுக்கினார்கள். உள்ளூர் மதுக்கரை அணி என்று வந்தது.

மதுக்கரை அணியின் கேப்டன் அந்தோணிராஜ், எலெக்ட்ரீஷியன். இடது கைக்காரர். அவர் ஓங்கி அடித்த பந்து பட்டு மதுக்கரை மலையில் ஒரு மூலை பெயர்ந்து விழுந்ததாகவும், அதையும் அங்கே இருக்கிற சிமெண்ட் ஆலைக்காரர்கள் அரைத்து மூட்டை கட்டி அனுப்பிவிட்டதாகவும் பேச்சு. நான் மூட்டையைப் பார்க்கவில்லை. கோப்பை வேண்டுமானால் என்றைக்காவது அவரைத் தாண்டியாக வேண்டும் என்று லின்சி ஆறு மாதமாக அவருடைய ஆட்டங்களைப் போனில் ஓட்டி ஓட்டிப் பார்த்து வைத்திருந்தாள். அவர் தோளை எப்படிச் சாய்த்தால் பந்து எந்த மூலைக்கு வரும் என்று பழகி, அந்த மூலைக்கு ஓடிப் பயிற்சி எடுத்திருந்தாள்.

ஆட்டம் துவங்கியது. அந்தோணிராஜ் போட்ட முதல் சர்வீஸ் வலையில் விழுந்தது. இரண்டாவதும் வலையில் விழுந்தது. அவர் ஓங்கி மட்டையை வீசினார், பந்து மட்டைக்கு அரை முழம் தள்ளிப் போயிற்று. “அடேங்கப்பா, சூப்பருங்க தம்பி!” என்று வம்சியைப் பார்த்துச் சொன்னார். அவருடைய ஆட்கள் நாலு பேரும் கோட்டுக்கு வெளியே வெளியேயாக அடித்தார்கள். ஆஸ்பத்திரியில் ஆளைப் பார்க்கப் போகிறவர்கள் சாத்துக்குடிப் பையை நீட்டுவது மாதிரி பாயிண்டுகளை நீட்டினார்கள். வம்சி இடுப்புக்கு மேலே தூக்கிச் சர்வீஸ் போட்டான். அது தப்பாட்டம், எதிரணிக்குப் பாயிண்ட் போக வேண்டும். நடுவர் வானத்தைப் பார்த்தார். வானத்தில் ஒன்றும் இல்லை.

இருபத்தொன்பது பாயிண்ட் முதலில் எடுப்பவர்களுக்கு ஆட்டம், மூன்றில் இரண்டு ஆட்டம் எடுப்பவர்களுக்கு வெற்றி. சிங்காநல்லூர் அணி இருபத்தொன்பது – ஒன்பது, இருபத்தொன்பது – பன்னிரண்டு என்று இரண்டு ஆட்டத்தையும் ஜெயித்தது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வம்சி மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு மைதானத்தை ஒரு சுற்று சுற்றி வந்தான்.

லின்சி மட்டும் தண்ணீர் பாட்டிலையும் குளுக்கோஸ் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு நேராக அந்தோணிராஜிடம் போனாள்.

“அண்ணா, காய்ச்சலுங்களா?”

“இல்லியே கண்ணு. ஏன்?”

“தோள்பட்டை வலிங்களா?”

“ஒண்ணுமில்லீங்க, நல்லாத்தான் இருக்கறேன்.”

“நீங்க இப்படி ஆடமாட்டீங்களே. ஒரு பந்துகூட என் பக்கம் வரலீங்க. நான் ஆறு மாசம் பாத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போங்க, அண்ணா.”

குளுக்கோஸ் பொட்டலத்தை அவர் கையில் வைத்துவிட்டு லின்சி போய்விட்டாள். அவள் கேலி செய்யவில்லை. நிஜமாகவே அவருக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்தாள். மதுக்கரை மலையைப் பெயர்த்த மனிதர் நூறு கிராம் பொட்டலத்தைப் பிடிக்க முடியாமல் நின்றார்.

பின்னாலேயே வந்த அம்புஜம் அவர் முன்னால் போய் நின்றாள். “சொல்லுங்க” என்றாள். அவ்வளவுதான்.

அந்தோணிராஜ் சொல்லிவிட்டார். “சீட்டுல எங்க பேரு வந்ததுமே கோவிந்தராஜுலு சார் எங்களக் கூப்பிட்டுச் சொன்னாருங்க அக்கா. நம்மூருக்கு வந்த விருந்தாளிங்க, அதும் இந்த மாதிரிப் புள்ளைங்க, அவங்கள அழ வெச்சு அனுப்பலாமுங்களான்னு கேட்டாரு. எங்களுக்கும் செரின்னு பட்டுச்சு. காசு கீசு ஒண்ணும் இல்லீங்க, சத்தியமா. மரியாதைக்காகத் தோத்துப்போட்டோம்.”

“ஈரோட்டு டீம் வந்தா இந்த மரியாதை உண்டுங்களா?”

“அவங்களையா? அவங்கள ஓட ஓட அடிப்போமுங்க.”

“அப்ப எங்களையும் அப்பிடி அடிக்கறதுதானுங்க மரியாதை.”

இந்தத் தப்பை இந்த ஊர்க்காரர்கள்தான் செய்ய முடியும். விருந்தாளிக்கு இலையில் வைப்பதைப் போல வெற்றியையும் வைப்பார்கள். வேண்டாம் என்று சொன்னால் இன்னொரு கரண்டி வைப்பார்கள். சாப்பிட்டவன் பசியோடு எழுந்து போவது அவர்கள் கண்ணுக்குத் தெரியாது.

ஆட்ட முடிவை எதிர்ப்பதாக இருந்தால் அரை மணி நேரத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பது விதி. அம்புஜம் அணியைப் புங்க மரத்தடியில் உட்கார வைத்தாள். நடந்ததை அப்படியே சொன்னாள். குரலில் இனிப்புத் தடவவில்லை.

“அவங்க வேணும்னே தோத்தாங்க. புகார் குடுத்தா மறுபடி ஆட உடுவாங்க. ஆடுனா தோத்தாலும் தோப்போம். என்ன செய்யலாம்னு நீங்க அஞ்சு பேரும் சொல்லுங்க. எனக்கு ஓட்டு கெடையாது.”

“நான் ஜெயிச்சேன்” என்றான் வம்சி.

“அவங்க தோத்தாங்க, கண்ணு. அது வேற.”

“நான் ஜெயிச்சேன். கோப்பை வேணும். எங்கம்மா போட்டோ எடுக்கும். புகார் கூடாது!” அவன் முகம் சிவந்து, மட்டையைத் தரையில் தட்ட ஆரம்பித்தான். அம்புஜம் அவனைச் சமாதானப்படுத்தவில்லை. “வம்சி வேண்டாங்கறான். ஒண்ணு” என்று விரலை மடக்கினாள்.

“எனக்கும் வேண்டாங்க அக்கா. ஜெயிச்சது ஜெயிச்சதா இருந்துட்டுப் போகட்டுமேங்க. காலேஜ்ல ஏற்கெனவே எல்லார்த்துக்கும் சொல்லிப்போட்டேன்” என்றாள் அக்ஷிதா. ஆட்டிசம் இல்லாதவர்களுக்கு வருகிற வியாதி இது.

எபினேசர் மறுபடி ஆடலாம் என்றான். லின்சி, “அந்தோணி அண்ணன் அடிக்கறதா இருந்தா ஆடலாம்” என்றாள்.

இரண்டுக்கு இரண்டு. எல்லோரும் ரித்விக்கைப் பார்த்தார்கள். அப்படிப் பார்ப்பது பிடிக்காமல் அவன் மரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டான். அம்புஜம் மற்றவர்களை வேறு பக்கம் பார்க்கச் சொன்னாள். கடிகாரத்தில் அரை மணி நேரத்துக்கு ஆறு நிமிஷம்தான் பாக்கி. வண்டி கிளம்ப அரை நிமிஷம் தாமதித்தால் தகரத்தைத் தட்டுகிறவள், அன்றைக்கு நாலு நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ரித்விக் போனில் தட்டி நீட்டினான். ‘எத்தனை மணிக்கு?’ என்று இருந்தது.

“மறுபடி ஆடலாங்கறான்!” என்று எபினேசர் குதித்தான்.

“இரு. அவன் நேரந்தான் கேட்டிருக்கறான். நீயா ஓட்டுப் போடாதே” என்று அதட்டிய அம்புஜம், “ஆடறதா இருந்தா நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு. ஆடலாமா, வேண்டாமா?” என்று ரித்விக்கிடம் கேட்டாள்.

ரித்விக் மறுபடி தட்டினான். ‘ஆடலாம்.’

வம்சி மட்டையை வீசி எறிந்தான். அம்புஜம் எழுதிய தாளோடு விழா மேடைக்கு ஓடினாள்.

கோவிந்தராஜுலு தாளை இரண்டு முறை படித்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் முறையும் படித்தார். “ஏனுங்க அம்மணி, ஜெயிச்ச டீம் எங்கியாச்சும் புகார் குடுக்குமுங்களா? பாதிக்கப்பட்ட டீம் தானுங்க குடுக்கோணும்.”

“பாதிக்கப்பட்டது நாங்கதானுங்க.”

“நல்லது செஞ்சது தப்புங்களா? கொழந்தைங்க மொகத்துல சிரிப்பப் பாத்தீங்களா?”

“பாத்தேனுங்க. அதுல பாதி உங்க மொகத்துல இருந்துச்சு.”

விதிப் புத்தகத்தில் ஜெயித்தவர்கள் கொடுக்கிற புகாருக்கு இடம் இல்லை என்று கமிட்டியார் தலையை ஆட்டினார்கள். தலையாட்டுவதற்காகவே நியமிக்கப்பட்டவர்கள், நன்றாக ஆட்டினார்கள். அப்போது பின்னாலிருந்து அந்தோணிராஜ் வந்து, மேஜைமேல் கிடந்த தாளில் அம்புஜத்தின் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டார். “தோத்தவங்களும் புகார் குடுக்கறோமுங்க. நாங்க ஆடவே இல்லீங்க” என்றார். இரண்டு அணியும் சேர்ந்து அப்படி ஒரு ஆட்டம் நடக்கவில்லை என்று சொன்னால் கமிட்டி என்ன செய்யும்? தலை ஆட்டுகிற திசையை மாற்றிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. கூட்டம் கொஞ்சம்தான். அழ வந்தவர்கள் சனிக்கிழமையே அழுது முடித்துப் போய்விட்டார்கள். வம்சி வந்திருந்தான், ஆனால் அம்புஜத்தின் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்தோணிராஜ் தோளைச் சாய்த்தார். பந்து லின்சியின் காதோரம் சீறிக்கொண்டு போய்ப் பின்கோட்டுக்குள் விழுந்தது. சத்தம் கேட்டு இரண்டு காக்கைகள் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கேரளத்துக்கே போய்விட்டன. லின்சி கையில் மட்டையோடு நின்ற இடத்தில் நின்றாள். பிறகு அம்புஜத்தின் பக்கம் திரும்பி, “இன்னைக்கு நல்லா இருக்கறாருங்க” என்றாள்.

முதல் ஆட்டம் இருபத்தொன்பது – பதினொன்று. சிங்காநல்லூர் பதினொன்று. பந்து எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று தெரியவில்லை. அக்ஷிதா அழுதாள். அழுகிறவளை யாரும் தேற்றக் கூடாது என்று அம்புஜம் தடுத்துவிட்டுத் தண்ணீர் மட்டும் கொடுத்தாள்.

இரண்டாவது ஆட்டத்தில் லின்சி ஆறு மாதம் பார்த்ததை எடுத்து வெளியே வைத்தாள். அவர் தோள் சாயும் முன்பே மூலைக்கு ஓடினாள். ஐந்து பந்தில் மூன்றைத் திருப்பினாள். ரித்விக் தன் வட்டத்துக்குள் வந்த ஒரு பந்தையும் விடவில்லை, வட்டத்துக்கு வெளியே போன ஒன்றையும் தொடவில்லை. அதை எபினேசர் பார்த்துக்கொண்டான். பத்தொன்பது – பத்தொன்பது. மதுக்கரை ஆட்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொள்ள ஆரம்பித்தார்கள். “ஏண்டா, பாத்து நிக்க மாட்டியா? தூங்கறியா?” என்று அந்தோணிராஜ் தன் ஆளைப் பார்த்துக் கத்தினார். அதைக் கேட்டு அம்புஜத்தின் முகத்தில் வந்த சந்தோஷத்தை அவள் கல்யாணத்தன்றும் நான் பார்க்கவில்லை.

மதுக்கரை இருபத்தேழு, சிங்காநல்லூர் இருபத்து நாலு. சர்வீஸ் வம்சியுடையது. மட்டையை உயர்த்திப் பந்தை அடித்தான். நடுவர் இந்த முறை வானத்தைப் பார்க்கவில்லை. கையைத் தூக்கினார். இடுப்புக்கு மேலே. தப்பாட்டம். எதிரணிக்குப் பாயிண்ட்.

“இல்லை!” என்று வம்சி நடுவரிடம் பாய்ந்தான். “கீழ! இடுப்புக்குக் கீழ! கண்ணு தெரியாதா?”

எபினேசரும் லின்சியும் அவனை இழுத்து வந்தார்கள். அடுத்த பந்தை அந்தோணிராஜ் ஈவிரக்கமில்லாமல் அடித்தார். இருபத்தொன்பது – இருபத்து நாலு. முடிந்தது. சிங்காநல்லூர் அணி முதல் சுற்றிலேயே வெளியே.

கோவிந்தராஜுலு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு மைதானத்துக்குள் இறங்கி வந்தார். வம்சியைக் கட்டிக்கொள்ளப் போனார். வம்சி ஒதுங்கிக்கொண்டான்.

“பரவால்ல கண்ணு. என்னப் பொறுத்தவரைக்கும் நீங்கதான் ஜெயிச்சீங்க!”

“தோத்தோமுங்க” என்றான் வம்சி எரிச்சலோடு. “இருபத்தொம்பதுக்கு இருபத்திநாலு. போர்டுல எழுதியிருக்குது. படிங்க.”

கோவிந்தராஜுலு போர்டைப் படித்தார். விரித்த கையை என்ன செய்வது என்று தெரியாமல், பக்கத்தில் நின்ற கமிட்டிக்காரரைக் கட்டிக்கொண்டார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் வம்சி அம்புஜத்துக்கு முன்சீட்டில் உட்கார்ந்தான். சுந்தராபுரம் தாண்டியதும் திரும்பி உட்கார்ந்தான்.

“இடுப்புக்குக் கீழதான்.”

“மேல” என்றாள் அம்புஜம்.

“நீங்க பாத்தீங்களா?”

“பாத்தேன். நாலு விரல் மேல.”

“பொய்!” என்று எழுந்து நின்ற வம்சி, மட்டையை எடுத்துத் தான் சர்வீஸ் போட்ட விதத்தைக் காட்டினான். மேல்கம்பியைப் பிடித்து நின்றவர் ஒருவரின் டிபன் பை தப்பியது கடவுள் புண்ணியம். கண்டக்டர், “கீழ மாதிரித்தான் தெரியுதுங்க” என்றார். பின்சீட்டில் ஒரு அம்மாள், “எங்கீங்க கீழ? அவம் பேன்ட் எறங்கியிருக்குது, அதனால உங்களுக்கு அப்பிடித் தெரியுது” என்றாள். உக்கடம் வருவதற்குள் பஸ் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. லின்சி ஜன்னலோரம் தூங்கிவிட்டாள். ரித்விக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டான். அம்புஜம் ஒரு விரற்கடைகூட இறங்கி வரவில்லை. வம்சியும் இறங்கவில்லை.

சிங்காநல்லூரில் இறங்கியதும் அவன் அவள் முன்னால் வந்து வழியை மறித்துக்கொண்டு நின்றான்.

“ஞாயித்துக்கெழமை ஆறு மணிக்கு வாரேன். டேப்பு எடுத்துட்டு வாங்க. அளந்து பாத்துப்போடலாம்.”

“அஞ்சே முக்காலுக்கு வா” என்றாள் அம்புஜம். “பேன்ட்ட இறுக்கிக் கட்டிட்டு வா.”